மூன்றாவது டயர்

கிளம்பி நூறு அடிகூடப் போயிருக்கமாட்டார்கள், மூன்றாவது டயரைச் சொல்லாமல் விட்டுவிட்டோம் என்பது சூசைமாணிக்கத்துக்கு உறைத்தது. உறைத்த உடனே வண்டியை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தி, திரும்பி, பின்னால் இன்னொரு வண்டியில் வருகிற மனுசனைப் பார்த்து, ஒரு நிமிசம் சார், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் என்றால் தீர்ந்தது விஷயம். நிறுத்தவில்லை. வலது கட்டைவிரல் ஆக்சிலேட்டரை அதன்பாட்டுக்கு அழுத்திக்கொண்டிருந்தது. அந்தக் காப்பிச் செடியைத் தாண்டியதும் நிறுத்துவோம் என்று நினைத்தார். காப்பிச் செடி போயிற்று. அதற்கப்புறமும் காப்பிச் செடிதான், மலை முழுக்கக் காப்பிச் செடிதானே, எதைத் தாண்டுவது. சரி, சில்வர் ஓக் மரம் ரெட்டையாக நிற்கிற இடத்தில் நிறுத்துவோம், அங்கே தரை சமமாக இருக்கும், சொல்ல வசதியாக இருக்கும். வசதி பார்த்துச் சொல்கிற விஷயமா அது என்று உள்ளே ஒரு குரல் இடித்தது. ஹேண்டிலில் அவரே கம்பி வைத்துக் கட்டியிருந்த பழைய மொபெட் கண்ணாடியில் பின்னால் வருகிறவர் தெரிந்தார். ஹெல்மெட், வெள்ளைச் சட்டை, தோளில் குறுக்காக மாட்டிய மஞ்சள் பை. பெயர் சென்னியப்பன். கோபிச்செட்டிபாளையம் பக்கத்து மஞ்சள் விவசாயி. இருபத்தெட்டு நாளைக்கு முன்னால் இதே பாதையில் செத்துப்போன தரணிதரனின் அண்ணன். ஒரே அண்ணன். தம்பிக்கும் அவருக்கும் பதினைந்து வயது வித்தியாசம். தம்பி விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று காலையில் பஸ் ஏறி வந்து நின்றவரிடம் என்னவென்று சொல்ல முடியும், பாதை மோசமாக இருக்கிறது என்றா. மோசமாக இருப்பதால்தானே ஆள் ஆளுக்கு வந்து ஓட்டுகிறார்கள்.

சூசைமாணிக்கத்தின் வேலை அதுதான். கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டத்தை ஒட்டி இருக்கிற ஒரு ரிசார்ட்டில், சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு நாலு சக்கர பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்து, முன்னால் வழிகாட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது. போர்டில் ஏடிவி என்று எழுதியிருக்கும். பத்து வருசமாக ஒரே முறை. எல்லாரையும் ஒரு வண்டி முன்னால் நிறுத்தி, கையில் ஒரு காப்பிக் குச்சியை வைத்துக்கொண்டு, வண்டியைச் சுற்றி வருவார். ஒரு டயருக்கு ஒரு பாடம். முன் இடது டயரைத் தட்டி, உட்காருவது எப்படி என்று சொல்வார். மேடு ஏறும்போது வண்டிக்கு முத்தம் கொடுக்கிற மாதிரி முன்னால குனிங்க, இறங்கும்போது மாமியாரப் பாத்த மாதிரி பின்னால சாயுங்க, பக்கச் சரிவு வந்தா மேட்டுப் பக்கம் உடம்பைக் கொடுங்க. முன் வலது டயரைத் தட்டி, கட்டைவிரலும் கியரும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க எறக்கத்துல நியூட்ரல் போடுற ஆளெல்லாம் கையத் தூக்குங்க பாப்போம். தூக்குவார்கள், பாதிப் பேருக்கு மேல் தூக்குவார்கள். இங்க போட்டீங்கன்னா வண்டி உங்களக் கேக்காமப் போயிரும், முதல் கியர்ல என்ஜினே பிடிச்சு எறக்கிவிடும், பிரேக்கத் தொட்டும் தொடாம வச்சாப் போதும். அடுத்து பின் வலது டயர். அதுதான் மூன்றாவது. அங்கே வந்ததும் குச்சியைக் கக்கத்தில் செருகிவிட்டு, தன் காலைத் தூக்கி வண்டியின் கால்மிதியில் டப்பென்று வைப்பார். காலு இங்கயே இருக்கணும். வண்டி சாஞ்சாலும், நின்னாலும், நீங்க பயந்தாலும் காலத் தரையில வைக்காதீங்க. ரெண்டு சக்கர வண்டி ஓட்டுன பழக்கத்துல வைக்கத்தான் தோணும். வச்சா இந்தப் பின் டயர் காலு மேல ஏறி ஆளையே உள்ள இழுத்துரும். வண்டிக்கே நாலு கால் இருக்கு, அஞ்சாவது கால் எதுக்குங்க? எல்லாரும் சிரிப்பார்கள். அப்புறம் பின் இடது டயர், முந்தாதே, மூன்று வண்டி இடம் விட்டு வா. அவ்வளவுதான், பத்து நிமிசம். பள்ளிக்கூடத்து ஜெபம் மாதிரி வாய் தானாகச் சொல்லும். வாய் தானாகச் சொல்வதில் ஒரு கேடு இருக்கிறது, சொன்னோமா என்று பிற்பாடு வாயைக் கேட்டால் அதற்கு ஞாபகம் இருக்காது.

இன்று காலை சொல்லவில்லை. அதில் சந்தேகமே இல்லை. முதல் டயர், இரண்டாவது டயர், அப்புறம் மூன்றாவதின் பக்கத்தில் வந்து நின்றபோது சென்னியப்பன் மிகவும் உன்னிப்பாக, பரீட்சைக்கு வந்தவர் மாதிரி, அந்த டயரையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மனுசனிடம் எப்படிச் சொல்வது, காலைக் கீழே வைக்காதீங்க, வைத்தால் செத்துப்போவீங்க என்று. நடந்து நாலாவது டயருக்குப் போய்விட்டார். சரி, இன்றைக்கு நடந்தது தெரிகிறது. அன்றைக்கு என்ன நடந்தது. அதுதான் தெரியவில்லை. அன்றைக்கு ஒன்பது பேர். தரணிதரனும் அவன் மனைவி பிருந்தாவும் முன் வரிசை. கல்யாணமாகி நாலு மாதம், அவள் கையில் இன்னும் கல்யாண வளையல். அவள் ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மேலே ஜீப்பில் வந்து போட்டோ எடுப்பதாகச் சொன்னாள். முதல் டயரில் மாமியார் என்றதும் தரணிதரன் சிரித்தான். விக்கல் வந்த மாதிரி ஒரு சிரிப்பு, உயரத்தில் ஏறி அங்கேயே நிற்கும். இரண்டாவது டயரில் நியூட்ரல் போடுகிறவர்கள் என்றதும் முதலில் கையைத் தூக்கியவன் அவன்தான். மறுபடி அதே சிரிப்பு. அப்போது போன் அடித்தது. ஞானசெல்வி. வீட்டுக்காரி சும்மா கூப்பிட மாட்டாள் என்று எடுத்தால் ரேசன் கார்டு எங்கே என்கிறாள். பீரோ மேல் தட்டில். அங்கே இல்லை. பைபிளுக்குள் பார். சிக்னல் பலா மரத்தடியில்தான் கிடைக்கும், பேசிக்கொண்டே அங்கே போனார். பத்து நாற்பத்திரண்டு, ஒரு நிமிசம் பன்னிரண்டு விநாடி. போனில் இன்னும் இருக்கிறது, தினமும் எடுத்துப் பார்க்கிறார், அதைப் பார்த்தால் அடுத்த விநாடியும் தெரிந்துவிடும் என்பது போல. தெரிவதில்லை. பலா மரம் வண்டிக்குப் பின்னால் இடது பக்கம். அங்கிருந்து நேராக வந்தால் முதலில் வருவது நாலாவது டயர். சுற்றிக்கொண்டு வந்தால்தான் மூன்றாவது. நேராக வந்தோமா, சுற்றி வந்தோமா.

சுற்றித்தான் வந்திருப்போம். பத்து வருசப் பழக்கம், கால் தானாகச் சுற்றியிருக்கும். அஞ்சாவது கால் எதுக்குங்க என்று சொன்னதும் எல்லாரும் சிரித்தார்களே, காதில் இருக்கிறதே. ஆனால் அந்தச் சிரிப்பு கரூரிலிருந்து வந்த பேங்க்காரர்களின் சிரிப்பு. இல்லை, காரைக்குடி காலேஜ் பெண்களின் சிரிப்பு. எத்தனை சிரிப்பு, பத்து வருசத்துச் சிரிப்பு, அதில் அந்த ஒரு நாளை எங்கே தேடுவது. ரெட்டை ஓக் மரம் வந்தது. சூசை வேகத்தைக் குறைத்தார். இப்போது நிறுத்தலாம். கண்ணாடியில் பார்த்தார். சென்னியப்பன் இடைவெளி விட்டு, மேட்டில் முன்னால் குனிந்து, சொன்னபடியே வந்துகொண்டிருந்தார். நல்ல மாணாக்கர். சொன்னதை எல்லாம் செய்கிறார், சொல்லாததை மட்டும்தான் செய்யவில்லை. ஓக் மரம் பின்னால் போயிற்று. ஓடை வந்தது. முழங்கால் ஆழம்கூட இல்லை, உருண்டைக் கல், நடுவில் வண்டி ஒரு பக்கம் சாயும். சூசை தாண்டி அக்கரை ஏறி, கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தார். சென்னியப்பனின் வண்டி நடு ஓடையில் வலது பக்கம் சாய்ந்தது. சாய்ந்ததும் அவருடைய வலது கால் மிதியை விட்டு வெளியே வந்தது. செருப்புக் கால், ரிசார்ட் ஷூ எதுவும் அவருக்குச் சேரவில்லை. தண்ணீரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பழையபடி உள்ளே போய்விட்டது. தண்ணீராக இருந்ததால் தப்பித்தது. அவருக்கு அது தெரியக்கூட இல்லை. முப்பது வருசமாக வரப்பிலும் வாய்க்காலிலும் பைக் ஓட்டுகிற கால், சாய்ந்தால் வெளியே வரும், தும்மல் வந்தால் கண் மூடுவது மாதிரி. தம்பிக்கும் அதே கால்தான். ஒரே வீட்டுக் கால். சொல்லு, இப்போதாவது சொல்லு. மேலிருந்து மூடுபனி இறங்கி வந்துகொண்டிருந்தது, பதினோரு மணிக்கே. அவர் கட்டைவிரலை அழுத்தினார்.

அன்றைக்கு ஜீப்பை ஓட்டியவரும் அவர்தான். பத்து வருசத்துக்கு முன்னால் ஜீப் டிரைவராக இருந்தவர், இருபத்தோரு வளைவையும் கண்ணைக் கட்டிவிட்டால்கூட ஓட்டுவார். பின் சீட்டில் பிருந்தா மடியில் அவன் தலை. வண்டி அவன் நெஞ்சின் மேல் உருண்டு போயிருந்தது, அது அவளுக்குத் தெரியாது. அவள் மேலே நின்றபடி மரத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தது கால் டயருக்குள் போனதை மட்டும்தான். அண்ணா, கால் மட்டும்தானே அண்ணா. ஒவ்வொரு வளைவிலும் கேட்டாள். கால் மட்டும்தானே. ஆமாம்மா, கால் மட்டும்தான் என்று ஒவ்வொரு வளைவிலும் இவர் சொன்னார். பதினாலாவது வளைவில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். சமவெளிக்கு இன்னும் ஏழு வளைவு இருந்தது. அந்த ஏழு வளைவும் ஜீப்புக்குள் இருந்த அமைதி இருக்கிறதே, அதை இந்த இருபத்தெட்டு நாளில் ஞானசெல்வியிடம்கூட அவர் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் ரேசன் கார்டில் வந்து நிற்கும். அவள் உயிரோடு இருக்கிற வரைக்கும் அதைச் சுமப்பாள், எதற்கு. போலீஸ் வந்தது. மேனேஜர் கனிராஜ்தான் கூட இருந்து எல்லாம் பார்த்துக்கொண்டார். நாலு விதியும் சொன்னீங்களா என்று கேட்டார்கள். சூசை கொஞ்சம் தயங்கினார். கனிராஜ் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போய், "பத்து வருசமாச் சொல்ற ஆளு, அன்னைக்கு மட்டும் சொல்லாமயா இருந்திருப்பே?" என்றார். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருந்தது. நியாயமாக இருந்ததால் கையெழுத்துப் போட்டார். நான்கு விதிகளையும் விளக்கமாக எடுத்துரைத்தேன். ஓட்டியவரின் கவனக்குறைவே காரணம். பதினைந்து நாள் வண்டிகளை நிறுத்திவைத்தார்கள், அப்புறம் கழுவித் துடைத்து மறுபடி ஓட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கும்போது இவர் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார். என்னவென்று சொல்வது. சாமி, நான் ஒரு பாவம் செய்தேன், செய்தேனா என்று தெரியவில்லை. அதற்கு என்ன அபராதம் கொடுப்பார் பாவம், அவரும் மனுசன்தானே.

மஞ்சள் பையில் என்ன இருக்கிறது என்பது இன்னொரு கவலை. காலையில் சென்னியப்பன் பஸ் இறங்கி வரும்போதே அது கனமாகத் தொங்கியது. உள்ளே இரும்பும் பாத்திரமும் உரசுகிற மாதிரி ஒரு சத்தம். மரப்பிடி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அரிவாளாக இருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. கனிராஜும் பார்த்தார், பார்த்துவிட்டு, "நீ எதுவும் பேசாத. எடத்தக் காட்டிட்டுக் கூட்டிட்டு வந்துரு" என்று காதில் சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டார். அவருக்கென்ன, ஆபீசுக்குக் கதவு இருக்கிறது. ஆனால் அந்த ஆள் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. வந்ததும் கைகூப்பினார். அண்ணா என்று கூப்பிட்டார். "நீங்கதான் ஜீப்பு ஓட்டிட்டுப் போனீங்கன்னு பிருந்தா சொல்லுச்சுங்ணா. ஒரு எடத்துலகூட நிக்காம ஓட்டுனீங்களாமா" என்றார். நன்றி சொல்கிற குரல். அதைவிட அந்தப் பையில் இருப்பதை எடுத்து ஒரு போடு போட்டிருக்கலாம். பாதை மேட்டின் உச்சிக்கு வந்துவிட்டது. இங்கே ஒரு பாறைத் தளம், வண்டி நிறுத்தலாம். இதற்கப்புறம் இறக்கம். செம்மண்ணும் பாறையும் கலந்த சரிவு, நேராக இறங்காமல் மலையின் விலாவில் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி இறங்கும். இடது மேடு, வலது பள்ளம். இருபது வண்டி நீளம் இருக்கும். நடுவில் ஒரு நெல்லி மரம். அந்த மரத்தடியில்தான். சூசை என்ஜினை அணைத்தார். பின்னால் வந்த வண்டியும் அணைந்தது. அணைந்தபின் பனிக்குள் எங்கேயோ மிளகு பறிக்கிறவர்கள் ஏணி மாற்றுகிற சத்தம் கேட்டது. "நடந்து போலாம் சார். இந்தா, அந்த மரத்தடிதான்" என்றார். கிளம்பியதிலிருந்து அவர் வாய் திறந்து சொன்னது இவ்வளவுதான்.

மரத்தடியில் ஒன்றுமில்லை. ஒரு மாதத்து மழையில் டயர் தடம் கரைந்துவிட்டது, புல்கூட வந்துவிட்டது. இவ்வளவுதானா என்பது போலச் சென்னியப்பன் சுற்றிப் பார்த்தார். அப்புறம் பையைக் கீழே வைத்து மரப்பிடியைப் பிடித்து இழுத்தார். சூசை தன்னை அறியாமல் ஓரடி பின்னால் போனார். களைக்கொத்து. கூடவே ஒரு பித்தளைச் சொம்பு, ஒரு புது மஞ்சள் துணி. சென்னியப்பன் குந்தி உட்கார்ந்து, புல்லை ஒதுக்கி, மண்ணைக் கொத்தினார். விதைக்குக் கொத்துகிற மாதிரி மெதுவாக. சொம்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டு இரண்டு கைப்பிடி மண்ணைத் துணியில் எடுத்து வைத்தார். "வெளியூர்ல உளுந்தவன அந்த எடத்துலயே உட்டுட்டு வரக்கூடாதுங்ணா. மண்ணெடுத்து, பேரச் சொல்லிக் கூப்பிட்டு, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரோணும். எங்கூட்டு வழக்கமுங்க" என்றார். துணியை முடிச்சுப் போட்டார். குனிந்து அதனிடம் சொன்னார்: "தரணி. எந்திரி கண்ணு. அண்ணன் வந்திருக்கறேன். போலாம் வா." அவ்வளவு சாதாரணமாக, டவுன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுப்புகிற மாதிரி. சூசைக்கு அழுகை வந்தது, அழ உரிமை இருக்கிறதா என்று தெரியாததால் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஊர்ல பிருந்தாவத்தான் சொல்றாங்க" என்றார் சென்னியப்பன், எழுந்திருக்காமலே. "வந்த நேரம் சரியில்லைங்கறாங்க. அந்தப் புள்ள போட்டோ எடுக்கறதப் பாத்துப்போட்டு இவன் சவடால் காட்டீருக்கறான், அதுல கவனம் போயிருச்சுன்னு பேப்பர்லயே போட்டிருக்குதுன்னு எங்க பெரியம்மா சொல்லுது. அந்தப் புள்ள சோறு திங்கறதில்லீங்ணா. நாந்தான் கூப்பிட்டேன் நாந்தான் கூப்பிட்டேன்னு அதயே சொல்லிட்டு உக்காந்திருக்குது." இப்போது சொல்லிவிடலாம். ஆனால் எதைச் சொல்வது, தெரியாத ஒன்றை. நேராக வந்தோமா, சுற்றி வந்தோமா. சென்னியப்பன் முடிச்சை மடியில் கட்டிக்கொண்டு எழுந்தார். "இன்னொண்ணு இருக்குதுங்ணா. கூட்டிட்டுப் போறப்ப வழி சொல்லிட்டே போகோணும். மேடு வருது, பள்ளம் வருது, திரும்பறோம்னு. இல்லீன்னா தெகச்சு நின்னுக்குவான். எனக்கு இந்த வழி தெரியாது. நீங்கதான் சொல்லிட்டு வரோணும்." "நடந்தே எறங்கிரலாமே சார், வண்டிய அப்புறமா நான் எடுத்துக்கிறேன்" என்று சூசை சொல்லிப் பார்த்தார். சென்னியப்பன் தலையை ஆட்டினார். "வண்டியில வந்தவன் வண்டியிலதானுங்க வருவான்."

மேலே ஏறி, வண்டியில் உட்கார்ந்து, சூசை சாவியைத் திருப்பினார். பத்து வருசத்தில் செத்தவனுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்ததில்லை. முதல் கியர். தலையைப் பாதி திருப்பி, என்ஜின் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் பனியைப் பார்த்துச் சொன்னார். "தம்பி, எறக்கம் வருது. பின்னால சாஞ்சு உக்காருங்க." முதல் டயர். சொன்னதும் காதுக்குள் அந்தச் சிரிப்பு கேட்டது, விக்கல் மாதிரி, உயரத்தில் போய் நிற்கிற சிரிப்பு. மாமியாருக்குச் சிரித்தது. வண்டி சரிவில் இறங்கியது. "நியூட்ரல் வேணாம் தம்பி, கியர்லயே வாங்க. பிரேக்க அமுக்காதீங்க, தொட்டுக்கிட்டே வாங்க." இரண்டாவது டயர். கையைத் தூக்கிக்கொண்டு அவன் சிரித்தது கேட்டது. வண்டி வலது பக்கம் சாய ஆரம்பித்தது. சூசை உடம்பை இடது மேட்டுப் பக்கம் கொடுத்தார். "மேட்டுப் பக்கம் சாயுங்க தம்பி." இப்போது மூன்றாவது. அஞ்சாவது கால் எதுக்குங்க. சிரிப்புக்காகக் காத்தார். வரவில்லை. பேங்க்காரர்கள் வரவில்லை, காலேஜ் பெண்கள் வரவில்லை, அவன் சிரிப்பும் வரவில்லை. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பலா மரத்தடியும் ஞானசெல்வியின் குரலும், பைபிளுக்குள்ள இருந்துச்சுங்க என்று அவள் சொன்னதும், போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இவர் நேராக, குறுக்கே, நேராக நடந்து வந்து பின் இடது டயரைக் குச்சியால் தட்டியதும், மூணு வண்டி எடம் விட்டு வாங்க என்றதும். முதல் ஜோக்குக்கும் இரண்டாவதுக்கும் அப்படிச் சிரித்தவன் மூன்றாவதுக்குச் சிரிக்காமல் இருப்பானா. சிரிக்கவில்லை, ஏனென்றால் கேட்கவில்லை. நெல்லி மரம் பனிக்குள்ளிருந்து வெளியே வந்தது. கண்ணாடியில் சென்னியப்பனின் வண்டி சரிவில் குறுக்காகச் சாய்ந்தது, ஓடையில் சாய்ந்ததைவிட அதிகமாக. செருப்புக் கால் மிதியை விட்டு வெளியே வந்தது. சூசை முழுசாகத் திரும்பிவிட்டார், திரும்பக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிற ஆள். நெஞ்சு வெடிக்கிற மாதிரி கத்தினார்.

"கால எடுங்க! தம்பி, காலத் தரையில வைக்காதீங்க! என்ன ஆனாலும் கால வைக்காதீங்க தம்பி!"

கால் அந்தரத்தில் நின்றது. செருப்பு மட்டும் நழுவி விழுந்தது, பின் டயர் அதன் மேல் ஏறி மண்ணோடு மண்ணாக அழுத்திவிட்டு வந்தது. கால் மிதிக்குள் போய்விட்டது. வண்டி ஒரு கணம் அப்படியே சாய்ந்து நின்று, என்ன நினைத்ததோ, நிமிர்ந்தது. கட்டைவிரலும் கியரும் தெரிந்த ஆள், பின்னால் சாய்ந்து, மேட்டுப் பக்கம் உடம்பைக் கொடுத்து, நெல்லி மரத்தைத் தாண்டி, சரிவு முடிகிற சமதரையில் வந்து நின்றார். இரண்டு என்ஜினும் அணைந்தன. சென்னியப்பன் ஹேண்டிலை விடவில்லை. ஒரு கால் வெறுங்காலாக இருந்தது. அதைக் குனிந்து பார்த்தார். அப்புறம் திரும்பி, மேலே சரிவில் கிடந்த செருப்பை, அது கிடந்த இடத்தைப் பார்த்தார். அங்கிருந்து நெல்லி மரம் எட்டிப்பிடிக்கிற தூரம்தான்.

"காலு வெக்கக் கூடாதுன்னு காலைல எனக்குச் சொல்லலீங்களே" என்றார்.

"இல்லைங்க" என்றார் சூசைமாணிக்கம். இருபத்தெட்டு நாளாகத் தேடியது இவ்வளவு சின்னதாக வாய்க்குள் கிடந்தது. "தம்பிக்கும் சொல்லல. இப்பத்தான் முதல் தடவையாச் சொன்னேன்."

அடிக்கப் போகிறார் என்று சூசை நினைத்தார், அடித்தால் தேவலை என்றும் நினைத்தார். சென்னியப்பன் மடியிலிருந்த முடிச்சை எடுத்தார். இறங்கி வந்த குலுக்கலில் அது தளர்ந்திருந்தது. பிரித்து, மண் சிந்தாமல், இன்னும் இறுக்கமாக முடிந்தார். முடிந்தபின் அதைக் காதோடு பேசுவது போல முகத்துக்குப் பக்கத்தில் கொஞ்சநேரம் வைத்திருந்தார். உதடு அசைந்தது, என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. பிருந்தா என்கிற பெயர் மட்டும் கேட்டது.

"மீதி வழியையும் சொல்லிப்போடுங்க" என்றார் கடைசியில். இந்தத் தடவை அண்ணா இல்லை. "ரிசார்ட்டு கேட்டத் தாண்டிப் போலீஸ் ஸ்டேசனுக்கு எந்தப் பக்கம் திரும்போணுமுன்னு, அதையும் சேத்து."

சூசைமாணிக்கம் சாவியைத் திருப்பினார். ரிசார்ட் ஆபீசின் தகரக் கூரை கீழே காப்பிச் செடிகளுக்கு நடுவில் தெரிந்தது, வாசலில் கனிராஜ் நிற்பதும் தெரிந்தது. கட்டைவிரலை அழுத்துவதற்கு முன்னால் தலையைத் திருப்பி, அந்த மஞ்சள் முடிச்சைப் பார்த்துச் சொன்னார்.

"இனி மேடு பள்ளம் இல்ல தம்பி. கேட்டத் தாண்டுனதும் இடது பக்கம்."